ஊர் வானொலிக்கு ஊர்ச்செய்தி சொல்ல ஏன் அனுமதி இல்லை?

1/ கொஞ்சம் நீளமான இழை. சமுதாய வானொலி பத்தி. "டாக்டருக்கு எதுக்குங்க ரேடியோ பஞ்சாயத்து?"ன்னு கேக்குறவங்களுக்கு அடுத்த பதிவுலயே பதில் இருக்கு. டீ எடுத்துட்டு வந்து உக்காந்து படிங்க.

2/ உங்க ஊர்ல நாலு தெருவுல பத்து நாளா காய்ச்சல்னு வெச்சுக்கோங்க. ரெண்டு பிள்ளைகளுக்கு பிளேட்லெட் குறைஞ்சு ஜி.எச்.ல சேர்த்திருக்காங்க. இதை நாளிதழ் எழுதலாம். டிவி காட்டலாம். யூடியூப் சேனல் வெச்சிருக்கிற யார் வேணா பேசலாம். வாட்ஸ்அப் குரூப்ல "மர்மக் காய்ச்சல், யாரும் வெளியே வராதீங்க"ன்னு அள்ளி விடலாம்.

3/ ஆனா அதே ஊர்ல மத்திய அரசுகிட்ட முறைப்படி அனுமதி வாங்கி, கோபுரம் நட்டு, ஊர்ப் பெண்களே நடத்துற சமுதாய வானொலி மட்டும் தானா விசாரிச்சு இதைச் சொல்ல முடியாது. உள்ளூர் நிர்வாகம் தகவல் கொடுத்தா சொல்லலாம். கொடுக்கலைன்னா அடுத்த பாட்டைப் போட வேண்டியதுதான். இது விதி. இந்த விதியைப் பத்தித்தான் இந்த இழை.

4/ முதல்ல, சமுதாய வானொலின்னா என்ன? அரசு நடத்துறது ஆகாசவாணி. கம்பெனி நடத்துறது தனியார் எஃப்.எம். இது ரெண்டுலயும் சேராத மூணாவது வகை இது. கல்வி நிறுவனமோ, தொண்டு நிறுவனமோ, வேளாண் அறிவியல் மையமோ லாப நோக்கம் இல்லாம நடத்துறது. தனிநபருக்குக் கிடையாது. அரசியல் கட்சிக்குக் கிடையாது. பொதுவா 100 வாட் சக்தி, 30 மீட்டருக்கு மேல போகாத ஆன்டெனா. சுத்துவட்டாரத்துல சில கிலோமீட்டர் கேட்கும். அவ்வளவுதான்.

5/ இதுக்கு ஆரம்பம் ஒரு கிரிக்கெட் வழக்கு. 1995 பிப்ரவரியில, வங்காள கிரிக்கெட் சங்கம் வழக்குல உச்ச நீதிமன்றம் சொன்னது: அலைக்கற்றை பொதுச்சொத்து. அதை அரசு மட்டுமே தனக்குன்னு வெச்சுக்க முடியாது, பணம் இருக்கிறவங்க மட்டுமே எடுத்துக்கவும் கூடாது. பொது நலனுக்காக ஒரு பொது அமைப்பு அதை ஒழுங்குபடுத்தணும்.

6/ தீர்ப்பு வந்து ஏழு வருஷம் கழிச்சு, 2002 டிசம்பர்லதான் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் கதவு திறந்தது. 2004 பிப்ரவரியில சென்னை அண்ணா பல்கலைக்கழகத்துல அண்ணா எஃப்.எம். நாட்டின் முதல் வளாக சமுதாய வானொலி. அந்தப் பெருமை நமக்குத்தான். 2006 நவம்பர்ல தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி வந்தது.

7/ 2008 அக்டோபர்ல இன்றைய தெலங்கானாவுல, அப்போதைய மேடக் மாவட்டத்துல சங்கம் ரேடியோ. தலித் பெண்கள் நடத்துற நிலையம். விதை, பயிர், மூலிகை, பாட்டு எல்லாமே அவங்க மொழியில, அவங்க குரல்ல. நம்ம பக்கம் பாம்பன்ல 2016 ஆகஸ்ட்ல கடல் ஓசை 90.4. மீனவர்களுக்கான வானொலி. நாகப்பட்டினம் மாவட்டம் விழுந்தமாவடியில களஞ்சியம் வானொலி. இப்போ நாடு முழுக்க ஏறத்தாழ ஐந்நூறு நிலையம். 140 கோடி பேருக்கு ஐந்நூறு!

8/ இனி அந்த விதி. சமுதாய வானொலி செய்தி, நடப்பு விவகாரம், அரசியல் சார்ந்த நிகழ்ச்சி எதையும் ஒலிபரப்பக் கூடாது. விதிவிலக்கு உண்டு: ஆகாசவாணி செய்தியை அப்படியே போடலாம், இல்லைன்னா உள்ளூர் மொழியில மாத்திப் போடலாம். தானா ஒரு வரி சேர்க்க முடியாது.

9/ இன்னொரு பட்டியலும் இருக்கு. இதெல்லாம் செய்தி இல்லைன்னு கணக்கு: விளையாட்டு, போக்குவரத்து, வானிலை, திருவிழா, தேர்வு முடிவு, வேலைவாய்ப்பு. கடைசியா, குடிநீர், மின்சாரம், இயற்கைச் சீற்றம், சுகாதார எச்சரிக்கை மாதிரியான அறிவிப்புகள். இது பக்கத்துல ஒரு நிபந்தனை ஒட்டியிருக்கு: உள்ளூர் நிர்வாகம் தரும் தகவலின்படி.

10/ ஒரு மருத்துவனா என்னைத் தொந்தரவு பண்றது இந்தக் கடைசி நிபந்தனைதான். ஏன்னு சொல்றேன்.

11/ டெங்குவையே எடுத்துக்குவோம். ஏடிஸ் கொசு பொதுவா பிறந்த இடத்துல இருந்து சில நூறு மீட்டர் தாண்டாது. அதனால டெங்கு மாவட்டம் மாவட்டமா பரவுறதா நமக்குத் தெரிஞ்சாலும், உண்மையில தெரு தெருவாத்தான் பரவுது. "தமிழ்நாட்டில் டெங்கு"ன்னு சென்னையில இருந்து வர்ற செய்தி உங்களை எழுந்து போய்த் தண்ணித் தொட்டியைத் தேய்க்க வைக்காது. "நம்ம கிழக்குத் தெருவுல மூணு பேருக்கு"ங்கிறது வைக்கும்.

12/ இன்னொண்ணு. டெங்குல பெரும்பாலும் ஆபத்தான கட்டம் காய்ச்சல் உச்சத்துல இருக்கும்போது வர்றதில்லை. மூணுல இருந்து ஏழாவது நாளுக்குள்ள, காய்ச்சல் இறங்குற நேரத்துல வரும். வீட்ல "சுரம் விட்டுடுச்சு"ன்னு நிம்மதியா இருப்பாங்க. பிள்ளை சோர்ந்து படுத்திருக்கும், வயிறு வலிக்கும், வாந்தி நிக்காது, சிறுநீர் குறையும். அப்பத்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடணும். இதை எந்தத் தெருவுக்கு, எந்த வாரம் சொல்றோம்ங்கிறதுலதான் உயிர் இருக்கு.

13/ "பொதுவான டெங்கு விழிப்புணர்வு நிகழ்ச்சி போடலாமே, அதுக்குத் தடை இல்லையே?" சரிதான், தடை இல்லை. கொசுப்புழு, மூடி வைங்க, தேய்ச்சுக் கழுவுங்க, எல்லாம் சொல்லலாம். ஆனா "இங்கே, இப்போ" சொல்லக் கூடாது. வருஷம் முழுக்க ஒரே மாதிரி ஓடுற விழிப்புணர்வை யாரும் காதுல வாங்குறதில்லை. என் ஓ.பி. சுவத்துல ஒட்டியிருக்கிற போஸ்டரை எத்தனை பேர் படிக்கிறாங்கன்னு எனக்குத் தெரியும்.

14/ "நிர்வாகம் சொன்னா போட்டுக்கலாமே?" நிர்வாகம் எப்போ சொல்லும்? "மர்மக் காய்ச்சல்"ங்கிற வார்த்தை நம்ம மாநிலத்துல ஏன் இவ்வளவு பிரபலம்னு யோசிச்சிருக்கீங்களா? மருத்துவப் புத்தகத்துல அப்படி ஒரு நோய் கிடையாது. சோதனை முடிவு வரலைன்னா, இல்ல வந்தும் உரக்கச் சொல்லத் தயக்கம்னா, அந்த இடைவெளியை நிரப்புற சொல் அது.

15/ நான் அதிகாரிகளைத் திட்டலை. எண்ணிக்கை கூடினா மேலிருந்து கேள்வி வரும், விளக்கம் எழுதணும், கூட்டத்துல நிக்கணும். அதனால "உறுதி ஆகட்டும், பிறகு பாக்கலாம்"ங்கிறது மனித இயல்பு. ஆனா தாமதிக்கக் காரணம் உள்ளவங்க கையிலேயே வாயைத் திறக்கிற சாவியையும் கொடுத்து வெச்சிருக்கோம். பிழை விதியில இருக்கு.

16/ இதுல ஒரு வேடிக்கை பாருங்க. நம்ம நாட்டுல ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் 2004-ல இருந்து நடக்குது. அதுல 2008-ல ஒரு பிரிவு ஆரம்பிச்சாங்க. அதோட வேலையே ஊடகங்கள்ல எந்த ஊர்ல காய்ச்சல், எந்த ஊர்ல வயிற்றுப்போக்குன்னு வர்ற செய்தியைத் தேடி எடுத்து, மாவட்டத்துக்கு அனுப்பி "இது உண்மையா?"ன்னு சரிபார்க்கிறது.

17/ அதாவது, அரசுக் கணக்குல ஏறுறதுக்கு முன்னாடியே ஊர்க்காரங்க வாயில நோய் பேசப்படும்னு அரசுக்கே தெரியும். அதைத் தேடிப் பிடிக்க ஆளும் போட்டாச்சு. ஆனா ஊர்க்காரங்களுக்கு மிக அருகில் இருக்கிற ஊடகத்துக்கு மட்டும் "நீ பேசாதே, நாங்க சொன்னா சொல்லு". இது எந்த ஊர் நியாயம்?

18/ சரி, இன்னொரு பக்கம் வாங்க. 2017 பிப்ரவரி. தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி இயக்கம். 9 மாதக் குழந்தையில இருந்து 15 வயசு வரை எல்லாருக்கும். நினைவிருக்கா? வாட்ஸ்அப்ல என்னென்ன சுத்துச்சு! ஊசி போட்டா மலட்டுத்தன்மை வரும், வெளிநாட்டுச் சதி, அந்த ஊர்ல குழந்தை செத்துப் போச்சு... ஊசி போடுற நாள்ல பல பெற்றோர் பிள்ளைகளை ஸ்கூலுக்கே அனுப்பலை. இயக்கத்தோட நாளை நீட்டிக்க வேண்டியதாச்சு.

19/ அந்த வதந்திக்கு லைசென்ஸ் கிடையாது, முகவரி கிடையாது, யார் முதல்ல அனுப்பினாங்கன்னு தெரியாது. அதை முறிக்க என்ன வேணும்? தில்லியில இருந்து ஒரு விளம்பரமா? இல்லை. "நேத்து நம்ம பள்ளிக்கூடத்துல பிள்ளைகளுக்கு ஊசி போட்டாங்க. ரெண்டு பேருக்கு லேசான சுரம், இப்ப சரியாயிடுச்சு. இதோ நம்ம ஊர்த் தாய் ஒருத்தர் பேசுறாங்க" - இப்படி, தெரிஞ்ச குரல்ல, மறுநாள் காலையிலேயே ஒரு தகவல் வேணும்.

20/ இது செய்தியா, விழிப்புணர்வா? நீங்களே சொல்லுங்க. நேத்து நடந்தது, நம்ம ஊர்ல நடந்தது, பலரும் சண்டை போட்டுட்டு இருக்கிற விஷயம். செய்தின்னு ஒருத்தர் சொன்னா மறுக்கிறது கஷ்டம். முதல் மீறலுக்கு ஒரு மாசம் வரை நிறுத்தம், ரெண்டாவதுக்கு மூணு மாசம் வரை, அதுக்கு மேல அனுமதியே ரத்துன்னு இருக்கும்போது எந்த நிலையம் துணிஞ்சு போடும்? பயந்துகிட்டு சமையல் குறிப்பு போடுவாங்க.

21/ இப்போ எதிர்த் தரப்பு வாதத்தை நேர்மையாப் பாப்போம். "வானொலி ஆபத்தானது. கலவரத்தைத் தூண்டலாம். நாடு முழுக்கச் சிதறிக் கிடக்கிற நிலையங்களைக் கண்காணிக்க முடியாது." இது வெறும் சாக்கு இல்லை. 1994 ருவாண்டா. ஆர்.டி.எல்.எம். என்ற வானொலி துட்சி மக்களுக்கு எதிரா நஞ்சைக் கக்குச்சு, கொலைக்குத் தூண்டுச்சு. அதை நிறுவியவங்களை 2003-ல சர்வதேசத் தீர்ப்பாயம் குற்றவாளின்னு தீர்ப்பளிச்சது.

22/ ஆனா ஒரு விஷயம். ஆர்.டி.எல்.எம். திருட்டு வானொலி இல்லை. அனுமதியோட நடந்தது. ஆட்சியில இருந்தவங்களுக்கு நெருக்கமானவங்க நடத்தினது. அங்கே கோளாறு, அது பேசினப்போ யாரும் தட்டிக் கேக்காததுதான். யார் பக்கம் நிக்குதுங்கிறதைப் பொறுத்து விட்டுட்டாங்க. பேசின பிறகு பதில் சொல்ல வைக்கிற அமைப்பு இல்லைன்னா, முன்கூட்டியே தர்ற அனுமதிச் சீட்டு யாரையும் காப்பாத்தாது.

23/ பக்கத்துல நேபாளம் பாருங்க. 1997-ல காத்மாண்டுல ரேடியோ சாகர்மாதா. தெற்காசியாவுல சுதந்திர சமுதாய வானொலிக்கு முன்னோடி. பிறகு நாடு முழுக்கப் பரவுச்சு, செய்தியும் உண்டு. 2005 பிப்ரவரியில மன்னர் ஆட்சியைக் கையில எடுத்துக்கிட்டதும் எஃப்.எம்.ல செய்திக்குத் தடை. என்ன பண்ணாங்க தெரியுமா? செய்தியைப் பாட்டாப் பாடினாங்க. தெருவுல நின்னு ஒலிபெருக்கியில வாசிச்சாங்க. மக்களும் கூடி நின்னு கேட்டாங்க.

24/ பத்து வருஷம் கழிச்சு, 2015 ஏப்ரல் நிலநடுக்கம். கட்டடம் இடிஞ்சு, கூடாரத்துல இருந்து ஒலிபரப்பின சமுதாய வானொலிகள் உண்டு. எங்கே நிவாரணம், எங்கே மருத்துவ முகாம், எது வதந்தின்னு மக்கள் அவங்ககிட்டத்தான் கேட்டாங்க. வருஷக்கணக்கா அந்தக் குரலை நம்பிப் பழகியிருந்ததால கேட்டாங்க.

25/ அதே வருஷம் டிசம்பர், நம்ம கடலூர். வெள்ளத்துக்குப் பிறகு மாவட்ட நிர்வாகமே 107.8-ல பேரிடர் கால வானொலி நடத்துச்சு. நல்ல முயற்சி, பாராட்டணும். மின்சாரம் இல்லாதப்போ, டவர் படுத்தப்போ, பேட்டரி போட்ட ஒரு சின்ன ரேடியோதான் கைகொடுக்கும்னு அரசுக்கும் தெரியும். ஆனா நம்பிக்கைங்கிறது தண்ணி வந்த பிறகு அவசரமா வாங்கிக் கொடுக்கிற பொருள் இல்லை. சாதாரண நாள்ல உண்மை சொல்லிப் பழகின குரலைத்தான் வெள்ளத்துல நம்புவாங்க.

26/ "அப்போ எல்லாரும் இஷ்டத்துக்குப் பேசலாமா?" இல்லைங்க. நான் கட்டுப்பாடு வேணும்னு சொல்ற ஆளு. சர்க்கரை நோய்க்கு இன்சுலினை நிறுத்திட்டு ஏதோ ஒரு சாறு குடிச்சு, மயங்கின நிலையில ஐ.சி.யு.க்கு வர்றவங்களை எந்த மருத்துவரைக் கேட்டாலும் சொல்வாங்க. சர்க்கரை உள்பட சில நோய்களைக் குணப்படுத்துவோம்னு விளம்பரம் பண்றதையே தடை பண்ற சட்டம் 1954-ல இருந்து இருக்கு. யாரு மதிக்கிறா? எது வேணும்னு கேட்டா, இந்த மாதிரிச் சட்டத்தைச் சரியா அமல்படுத்தினாலே பாதி வேலை முடியும்.

27/ என் தொழிலை எப்படிக் கட்டுப்படுத்துறாங்கன்னு பாருங்க. படிக்கணும், பதிவு பண்ணணும். சீட்டுல பதிவு எண் போடணும். நோயாளியைத் தேடி விளம்பரம் பண்ணக் கூடாது. உள்நோயாளி பதிவேட்டை 3 வருஷம் வெச்சிருக்கணும். நோயாளி கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள கொடுக்கணும். தப்பு பண்ணினா கவுன்சில் விசாரிக்கும், நீதிமன்றம் விசாரிக்கும்.

28/ ஆனா "கலெக்டர் ஆபீஸ் எழுதிக் கொடுத்த நோயை மட்டும்தான் நீ கண்டுபிடிக்கணும்"னு யாரும் சொல்றதில்லை. அப்படிச் சொன்னா சிரிப்பீங்க. பதிவு, நெறிமுறை, ஆவணம், விசாரணை - இந்த நாலும் இருக்கிற இடத்துல முன்தடை தேவைப்படாது. இதையே வானொலிக்கும் வைங்கன்னுதான் கேக்குறேன்.

29/ முக்கியமான ஒண்ணு: இதுக்கு அடித்தளம் ஏற்கெனவே இருக்கு. சமுதாய வானொலி ஒலிபரப்பின நிகழ்ச்சியை 3 மாசம் பதிவு பண்ணி வெச்சிருக்கணும்னு விதி இருக்கு. ஆகாசவாணியோட நிகழ்ச்சி, விளம்பர நெறிமுறைகளும் பொருந்தும். நிகழ்ச்சியில குறைந்தது பாதி உள்ளூர் மக்கள் பங்கேற்போட உருவாகணும். கோபுரம் எங்கே நிக்குதுன்னு தெரியும், யார் பொறுப்புன்னு தெரியும். வாட்ஸ்அப் வதந்தியில இதுல ஒண்ணாவது உண்டா?

30/ யூடியூப் செய்திச் சேனலுக்கு 2021 ஐ.டி. விதிகள் இருக்கு, ஆனா முன் அனுமதி வாங்கிட்டுத்தான் பேசணும்னு இல்லை. நாளிதழுக்குப் பதிவு போதும். தனியார் டிவி 24 மணி நேரமும் செய்தி. உலகத்துக்கே கேட்கிறவங்களுக்குத் தடை இல்லை, சில கிலோமீட்டர் கேட்கிறதுக்குத் தடை. கட்டுப்படுத்த சுலபமானதைக் கட்டிப் போட்டுட்டு, முடியாததைத் திறந்து விட்டிருக்கோம்.

31/ சரி, என்ன செய்யலாம்? என் பட்டியல் இது. ஒண்ணு: உள்ளூர் சுகாதாரம், குடிநீர், பள்ளி, ரேஷன், வானிலை - இந்த அஞ்சுலயாவது "நிர்வாகம் தந்தால் மட்டும்"ங்கிற நிபந்தனையை எடுங்க. அரசியலை அப்புறம் பேசிக்கலாம். நோய்க்கு அவசரம்.

32/ ரெண்டு: அதுக்கு ஈடா நெறிமுறை வைங்க. நோய்ப் பரவல் பத்திச் சொன்னா ரெண்டு தனித்தனி இடத்துல உறுதி பண்ணணும். அதுல ஒண்ணு கிராம சுகாதார செவிலியரோ, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரோ இருக்கட்டும். நோயாளி பேரு, சாதி, வீட்டு அடையாளம் வரக் கூடாது. சிகிச்சை ஆலோசனையைப் பேரும் பதிவு எண்ணும் சொல்ற மருத்துவர் மட்டுமே தரணும். மருந்து, லேகியம் விக்கிறவங்க மருத்துவ நிகழ்ச்சிக்குப் பணம் கொடுக்கக் கூடாது.

33/ மூணு: தப்பு வந்தா 24 மணி நேரத்துக்குள்ள அதே நேரத்துல, அதே குரல்ல திருத்தம். நள்ளிரவுல ஒரு வரி போட்டுட்டுப் போறது திருத்தம் இல்லை. பாதிக்கப்பட்டவர் கேட்டா ஒலிப்பதிவோட நகலை 72 மணி நேரத்துல கொடுக்கணும்.

34/ நாலு: அங்கீகாரம். இதைச் சரியாப் புரிஞ்சுக்கணும். செய்தியாளர் அட்டைங்கிறது பேசுறதுக்கான அனுமதி இல்லை. கலெக்டர் ஆபீசுக்கும் ஆஸ்பத்திரிக்கும் உள்ளே போய்க் கேள்வி கேக்குறதுக்கான வழி. ஊர் வானொலியில வேலை செய்ற பத்தாவது படிச்ச ஒரு அக்காவுக்கு, குறுகிய காலப் பயிற்சி கொடுத்து ஒரு அட்டை கொடுங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துல "நீ யாரும்மா?"ன்னு விரட்டாம, உக்கார வெச்சுப் பதில் சொல்லட்டும். அந்த அட்டை கதவைத் திறக்கணும், வாய்ப்பூட்டா மாறக் கூடாது.

35/ அஞ்சு: இதையெல்லாம் அமைச்சகம் நேரடியாப் பாக்கக் கூடாது. 1995 தீர்ப்பு சொன்ன மாதிரி தன்னாட்சி அமைப்பு வேணும். நிறுத்தி வைக்கிறதுக்கு முன்னாடி நிலையத்தோட பதிலைக் கேக்கணும். உத்தரவைக் காரணத்தோட எழுத்துல கொடுக்கணும்.

36/ ஆறு: காசு. 2024 பிப்ரவரியில வழிகாட்டுதலைத் திருத்தினாங்க. விளம்பர நேரம் மணிக்கு 7 நிமிஷத்துல இருந்து 12 ஆச்சு. அரசு விளம்பரத்துக்குப் பத்து விநாடிக்கு 52 ரூபாய்ல இருந்து 74 ஆச்சு. அனுமதிக் காலம் 5 வருஷத்துல இருந்து 10 ஆச்சு. ஆலோசனைக் குழுவுல பாதிப் பேர் பெண்கள். எல்லாமே நல்லது, வரவேற்கிறேன். ஆனா செய்தித் தடை அப்படியே இருக்கு. அனுமதி தர்றதும் அரசு, விளம்பரக் காசில் பெரும்பங்கு தர்றதும் அரசு, தகவல் தர்றதும் அரசுன்னா, அந்த நிலையம் யாரோட நிலையம்?

37/ நம்ம பக்கத்துக் குறையையும் சொல்லிடுறேன். சமுதாய வானொலின்னு பேரு வெச்சுட்டுக் கல்லூரி விளம்பர வானொலி நடத்துறவங்க இருக்காங்க. ஊர்ப் பெரிய மனுஷர் கையில டிரஸ்ட், டிரஸ்ட் கையில ரேடியோ, அதுல காலனித் தெருக் குடிநீர்ப் பிரச்சினை என்னைக்கும் வராது. கட்டுப்பாட்டாளர் கூர்ந்து பாக்க வேண்டிய இடம் இதுதான்: குழுவுல யார் இருக்காங்க? எந்தத் தெரு மக்கள் பேசுறாங்க? மைக்கைப் பிடிக்கிறது யாரு? இதை ஒழுங்கா வெச்சிருக்கிற நிலையங்களுக்கு முதல்ல செய்தி உரிமை கொடுங்க. மத்தவங்க சரிபண்ணிட்டு வரட்டும்.

38/ "உள்ளூர்ல நோய்னு சொன்னா மக்கள் பீதியாகிடுவாங்க" - இதை என் சக மருத்துவர்களே சொல்றாங்க. என் அனுபவம் வேற. தெளிவாச் சொன்னா மக்கள் கேள்வி கேப்பாங்க, பிறகு செய்ய வேண்டியதைச் செய்வாங்க. சொல்லாம மறைச்சு, பக்கத்து வீட்டுப் பிள்ளை செத்த பிறகு தெரிய வரும்போதுதான் பீதி வரும். அப்புறம் நாம சொல்ற உண்மையையும் நம்ப மாட்டாங்க.

39/ நீங்க என்ன பண்ணலாம்? இன்னைக்கு ராத்திரி போன்லயோ பழைய ரேடியோவுலயோ 90.4-ல இருந்து சுத்திப் பாருங்க. உங்க பக்கத்துல ஒரு சமுதாய வானொலி கேட்குதான்னு பாருங்க. கேட்டா, அவங்களுக்கு ஒரு போன் போட்டு "எங்க தெருவுல கொசு மருந்து அடிச்சு எவ்வளவு நாளாச்சு, இதைச் சொல்லுவீங்களா?"ன்னு கேளுங்க. என்ன பதில் வருதுன்னு கமென்ட்ல எழுதுங்க.

40/ மருத்துவ நண்பர்களே, உங்களுக்குத் தனியா ஒண்ணு. அந்த நிலையங்களுக்கு வாரம் அரை மணி நேரம் கொடுங்க. பேரும் பதிவு எண்ணும் சொல்லிப் பேசுங்க. கேள்விக்குப் பதில் சொல்லுங்க. நாளைக்கு விதி மாறும்போது, சரியான தகவலைச் சொல்லப் பழகின குரல்கள் ஊர்ல தயாரா இருக்கணும்.

41/ அடுத்த கிராம சபையில குடிநீர், ரோடு, விளக்கு பத்திப் பேசும்போது இதையும் ஒரு தீர்மானமாக் கொண்டு வாங்க: எங்க ஊர் வானொலிக்கு எங்க ஊர்ல நடக்கிறதைச் சொல்ற உரிமை வேணும், தப்பாச் சொன்னா கேக்குற உரிமை எங்களுக்கு வேணும். ரெண்டும் சேர்ந்துதான் வேணும். மாற்றுக் கருத்து இருந்தா மரியாதையா எழுதுங்க, ஓ.பி. முடிச்சுட்டு வந்து பதில் சொல்றேன்.